உப்பு ஒத்தடம்

நம் வயதை எட்டிவிட்டால் டொக்டர்மார் எந்த வருத்தத்துக்கும் ஒரே மருந்தைத்தான் சொல்கிறார்கள்: நடவுங்கள். சீனி வருத்தமா, நடவுங்கள். பிரஷரா, நடவுங்கள். நித்திரை வரவில்லையா, அதற்கும் நடவுங்கள். உங்களிலும் அரைவாசிப் பேர் விடியற்காலையில் சப்பாத்தைக் கொழுவிக்கொண்டு ஒழுங்கைகளில் திரிகிறவர்கள்தான் என்று எனக்குத் தெரியும். போன மாதம் நானும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்தேன்.

கதிரையிலேயே இருந்து பழகிய உடம்பு. முதல் நாள் சுன்னாகம் ஸ்ரேசன் வரைக்கும் போய், காற்று நன்றாக இருக்கிறதே என்று இன்னொரு சுற்றும் சுற்றி, வீட்டுக்கு வந்து மருமகனுக்குப் பெருமையும் அடித்தேன். மறுநாள் கட்டிலில் இருந்து காலைக் கீழே வைத்தபோதுதான் தெரிந்தது. தொடை இரண்டும் கல்லாகிக் கிடந்தன. படியில் நண்டு மாதிரிப் பக்கவாட்டில் இறங்கினேன். கதிரையில் இருப்பதற்கு மேசையைப் பிடிக்க வேண்டியிருந்தது. குந்தியிருக்கும் கக்கூசை இடித்துவிட்டுப் புதிது கட்டிய மருமகனை அன்றைக்குத்தான் மனதார வாழ்த்தினேன்.

அதற்கு அடுத்த நாள் நோ இன்னும் கூடியது. பயந்துபோய் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே பிசியோ பகுதியில் இருந்த பிள்ளைக்கு என் மகளின் வயதுகூட இராது. தொடையை அங்கும் இங்கும் அமர்த்திப் பார்த்தாள்.

"கனகாலம் ஆடாமல் அசையாமல் இருந்திட்டு ஒரேயடியா நடந்திருக்கிறீங்கள் அன்ரி. தசை உளையத்தான் செய்யும். உளையுது எண்டு போட்டுப் படுத்திடாதேங்கோ. நாளைக்கும் கொஞ்சம் மெள்ள நடவுங்கோ. இளஞ்சூட்டுத் தண்ணியிலை குளியுங்கோ. தானா விட்டிடும்."

"நரம்பு ஏதும் பிசகியிருக்காதோ பிள்ளை?"

"நரம்போ? உந்த உளைவுக்கோ?" என்று சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெளியே வந்து ஓட்டோவில் ஏறியதும் கண்ணீர் வந்துவிட்டது. ஓட்டோக்காரப் பெடியன் கண்ணாடியில் பார்த்து, "என்னம்மா, நோகுதோ?" என்று கேட்டான். "இல்லைத் தம்பி, ஒண்டும் இல்லை" என்றேன். நோகவில்லை என்று சொல்வது எனக்கு வெகுகாலப் பழக்கம். அது எங்கிருந்து வந்தது என்பதைத்தான் இப்போது உங்களுக்குச் சொல்ல உட்கார்ந்திருக்கிறேன்.

அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. எங்கள் வீடு சுன்னாகத்துக்குக் கிட்ட, தோட்டங்களுக்கு நடுவே இருந்தது. ஐயா வெங்காயமும் மிளகாயும் செய்தார். எங்கள் எல்லோருடைய பாதங்களிலும் அந்தச் செம்மண்ணின் நிறம் நிரந்தரமாக ஒட்டியிருந்தது. வீட்டில் ஐயா, அம்மா, நான், பிறகு அம்மாவின் தங்கை. அவரைச் சின்னம்மா என்றுதான் கூப்பிடுவேன்.

சின்னம்மாவுக்கு முப்பது வயது கடந்திருந்தது. சாதகத்தில் செவ்வாய்க் குற்றம். வந்த சம்பந்தங்கள் எல்லாம் சாதகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயின. அவர் முன்னறை யன்னலோரம் தையல் மெசினைப் போட்டுக்கொண்டு அயலட்டைப் பெண்களுக்குச் சட்டை தைத்தார். பள்ளிக்கூடத்தால் வரும்போது படலைக்கு வெளியிலேயே மெசின் சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் கேட்டால் வீட்டில் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.

நான் ஓடுகிறேன் என்பதை வீட்டில் முதலில் கொண்டாடியவர் சின்னம்மாதான். மாசி மாதத்தில் பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி வரும். ஓடுகிற பிள்ளைகளுக்கு டிவைடட் ஸ்கேர்ட் வேண்டும். நிற்கும்போது பாவாடை மாதிரித் தெரியும், ஓடும்போது இரண்டாகப் பிரியும். அம்மா, "உது என்னடி கோலம்" என்று முகத்தைச் சுழித்தார். சின்னம்மா நீலத் துணி எடுத்து, என்னை மேசையில் ஏற்றி நிறுத்தி அளவெடுத்து, தானே தைத்தார். உள்பக்கத்தில் ஒரு சின்னப் பொக்கற்றும் வைத்தார்.

"இது என்னத்துக்குச் சின்னம்மா?"

"லேஞ்சி வைக்க. வெண்டிட்டு முகத்தைப் பாவாடையிலை துடைச்சுக்கொண்டு நிப்பியோ?"

போட்டி அன்றைக்குக் குடையும் பிடித்துக்கொண்டு வந்து கயிற்றோரம் நின்றார். ஒரு சுற்று ஓட்டம். கடைசி வளைவு வரைக்கும் எனக்கு முன்னால் இரண்டு பேர் ஓடினார்கள். அந்த வளைவில் எனக்குள் ஏதோ திறந்துகொண்ட மாதிரி இருந்தது. இரண்டு பேரையும் வெட்டிக்கொண்டு போனேன். சனங்களின் கூச்சலுக்குள்ளே சின்னம்மாவின் குரல் தனியாகக் கேட்டது. வாழ்நாளில் அவர் அவ்வளவு சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. ஓடி வந்து சேலைத் தலைப்பால் என் முகத்தைத் துடைத்துவிட்டு, பக்கத்தில் நின்ற பெண்களிடம், "இது எங்கடை பிள்ளை" என்றார். பொக்கற்றில் இருந்த லேஞ்சி இரண்டு பேருக்கும் ஞாபகம் வரவில்லை.

விளையாட்டு ரீச்சர் என்னை மாவட்டப் போட்டிக்குத் தெரிவு செய்தார். அங்கே வென்றால் கொழும்பு. கொழும்பு என்ற சொல்லை வாய்க்குள் போட்டு இனிப்பு மாதிரிக் கரைத்துக்கொண்டு திரிந்தேன்.

பங்குனி வெய்யிலோடு எனக்கு அம்மாள் வருத்தம் வந்தது. உடம்பெல்லாம் கொப்புளம். படலையில் வேப்பிலைக் கொத்துக் கட்டினார்கள். அம்மாவுக்கு வெங்காயம் கிண்டுகிற காலம், நிற்க நேரமில்லை. சின்னம்மாதான் என் பாயடியில் இருந்து வேப்பங்குழையால் தடவிவிட்டார், இளநீர் பருக்கினார், சொறியவிடாமல் கைகளைப் பிடித்துக்கொண்டு கதை சொன்னார். இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், பிறகு நடந்ததைக் கேட்டுவிட்டு அவர் என்மேல் அன்பில்லாதவர் என்று நீங்கள் நினைக்கக் கூடாது. அன்பில்லாதவர் செய்திருந்தால் இத்தனை வருடம் நான் இதை வைத்துக்கொண்டிருக்க மாட்டேன்.

நான் படுத்திருந்த நாட்களில்தான் கலியாணத் தரகர் வந்தார். அம்மாள் வந்த வீட்டுக்குள் வர அவருக்குப் பயம். படலைக்கு வெளியே நின்றபடியே கதைத்தார். அதனால் எனக்கும் கேட்டது.

"சாதகம் பொருந்துது. மாப்பிள்ளைக்கும் செவ்வாய். அளவெட்டிப் பக்கம், சங்கக் கடையிலை மனேச்சர். நல்ல பெடியன்."

அம்மா ஏதோ சொன்னார்.

"எல்லாம் சரி. ஆனால் தாயார் கொஞ்சம் பழைய ஆள். உங்கடை வீட்டுப் பெட்டை அரைச் சட்டையோடை ஓடித் திரியுதாம், கொழும்புக்கும் போகப் போகுதாம் எண்டு காதிலை விழுந்தால் என்ன சொல்லுவாவோ, எனக்குத் தெரியாது."

"அது சின்னப் பிள்ளைதானே" என்றார் அம்மா.

"நான் ஒண்டும் சொல்லேல்லை. யோசிச்சுக்கொள்ளுங்கோ."

முன்னறையில் ஓடிக்கொண்டிருந்த தையல் மெசின் நின்றுபோனது. அந்தக் கதையில் எனக்கு என்ன பங்கு இருக்கிறது என்று அப்போது விளங்கவில்லை. சின்னம்மாவுக்கு மாப்பிள்ளை வந்துவிட்டதே என்ற சந்தோசத்தோடு நித்திரையாகிப் போனேன்.

தலைக்குத் தண்ணி வார்த்து, உடம்பு தேறி, பள்ளிக்கூட விடுமுறையில் மறுபடி பயிற்சிக்குப் போனேன். மாவட்டப் போட்டிக்கு அதிக நாளில்லை. ரீச்சர், "மெல்ல மெல்லத் தொடங்கு" என்றார். பதின்மூன்று வயதுக்கு மெல்ல என்ற சொல் எங்கே கேட்கும்? விட்ட நாட்களை எல்லாம் ஒரே பின்னேரத்தில் ஓடி முடிக்கப் பார்த்தேன்.

மறுநாள் என்னால் கிணற்றடிப் படியில் இறங்க முடியவில்லை. போன மாதம் எனக்கு வந்த அதே நோ. அதே தொடை, அதே கெண்டைக்கால். அந்த வயதில் அது என்னவென்று தெரியாததால் இரட்டிப்பாக நொந்தது.

சின்னம்மா அதைக் கண்டு சிரித்தார். பின்னேரம் கல்லுப்பை மண்சட்டியில் போட்டு வறுத்தார். உப்பு படபடவென்று வெடிக்கும். அதைப் பழைய வேட்டித் துண்டில் முடிந்து, முதலில் தன் கன்னத்தில் வைத்துச் சூடு பார்ப்பார். பிறகு நல்லெண்ணெய் தடவிய என் காலில் ஒற்றி ஒற்றி எடுப்பார். ஊசி குத்திக் குத்திச் சொரசொரத்த விரல்கள் அவருக்கு. அந்த விரல்கள் எண்ணெயோடு கெண்டைக்காலில் வழுக்கிக்கொண்டு போகும்போது நோவும் சுகமும் ஒன்றாக வரும். வறுத்த உப்பும் நல்லெண்ணெயும் சேர்ந்த அந்த மணம் இப்போதும் எங்கேயாவது வந்தால் அந்த இடத்தை விட்டு எழும்பிப் போய்விடுவேன்.

"எங்கை நோகுது, சின்னம்மாவுக்குச் சொல்லு."

"இஞ்சை."

"இஞ்சையோ?"

"இன்னும் மேலை. முழங்காலுக்குப் பின்னாலையும்."

"நல்லா நோகுதோ?"

"நிக்கவே ஏலாது சின்னம்மா."

கொஞ்சம் கூட்டித்தான் சொன்னேன். அவருடைய கை இன்னும் சற்று நேரம் என் காலில் இருக்கட்டும் என்ற ஆசை. அதற்காக எந்தப் பிள்ளைதான் கூட்டிச் சொல்லாது? ஒவ்வொரு பின்னேரமும் அவர் கேட்டார், ஒவ்வொரு பின்னேரமும் நான் சொன்னேன். பயிற்சியில் ரீச்சர் என்ன சொன்னார், எவ்வளவு விரைவாக ஓடினேன், போட்டிக்கு எந்தப் பஸ்ஸில் போகப் போகிறோம், எல்லாம் சொன்னேன். உண்மையில் நோ குறைந்துகொண்டு வந்தது. அதைத்தான் சொல்லவில்லை.

ஒருநாள் குளித்துவிட்டுக் குசினிப் பக்கமாக வரும்போது சின்னம்மா ஐயாவுடன் கதைப்பது கேட்டது.

"பிள்ளைக்கு நிக்கவே ஏலாதாம் அத்தான். முழங்காலுக்குப் பின்னாலை விண் விண் எண்டு குத்துதாம். இண்டைக்கும் அழுதவள்."

நான் அழவில்லை. ஆனாலும் எனக்குக் கோபம் வரவில்லை, பெருமையாகத்தான் இருந்தது. எனக்காகச் சின்னம்மா பரிந்து கதைக்கிறார், ஐயா இனி முட்டையும் பாலும் வாங்கித் தருவார் என்று நினைத்தேன்.

ஐயா மறுநாள் என்னைச் சைக்கிள் பாரில் இருத்தி முறிவு நெரிவு பார்க்கும் பரியாரியாரிடம் கொண்டுபோனார். அவர் வாங்கிலில் என்னை இருத்தி, காலை நீட்டி மடக்கிப் பார்த்தார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

"வருத்தம் வந்து படுத்திருந்த பிள்ளை, எழும்பின உடனை ஓடினால் உளையாதே? நாளைக்கும் மெள்ள ஓடட்டும். தானாப் போயிடும்."

எனக்கு வாயெல்லாம் பல். ஐயா செருமினார்.

"நீ போய்ச் சைக்கிளடியிலை நில் பிள்ளை."

போய் நின்றேன். பூவரச மரத்தின் கீழ் நின்றபடி பார்த்தேன். ஐயா தோளில் கிடந்த சால்வையை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு தாழ்ந்த குரலில் கதைத்தார். பரியாரியார் நிலத்தைப் பார்த்துக்கொண்டு தலையாட்டினார். பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். இந்த முறை பரியாரியார் முழங்காலை மட்டும் பிடித்துப் பார்த்தார்.

"நரம்பு கொஞ்சம் பிசகித்தான் இருக்கு. கவனமா இருக்க வேணும். ஒரு வருசத்துக்கு ஓட்டம் பாட்டம் ஒண்டும் கூடாது."

கறுப்பாக ஒரு பத்தைப் பூசித் துணியால் சுற்றிக் கட்டினார். சுற்றும்போதும் என் முகத்தைப் பார்க்கவில்லை. வைத்தியர் முதலில் மேலோட்டமாகப் பார்த்தார், இரண்டாம் முறைதான் வடிவாகப் பார்த்தார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஐயாவை நம்பாமல் வேறு யாரை நம்புவது? திரும்பி வரும் வழியில் ஐயா சந்தியில் சைக்கிளை நிறுத்தி எனக்கு ஐஸ்பழம் வாங்கித் தந்தார். அதற்கு முன்னும் பின்னும் அவர் எனக்கு ஐஸ்பழம் வாங்கித் தந்ததில்லை. அழுதுகொண்டே அதைச் சூப்பினேன். என் கவலையைக் கண்டு ஐயா உருகிவிட்டார் என்று நினைத்தேன்.

ஐயாவே பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சொன்னார். விடுமுறை முடிந்து போனபோது ரீச்சர் என்னைக் கூப்பிட்டார்.

"காலிலை இவ்வளவு நோவை வைச்சுக்கொண்டு நீ எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை. முதலே சொல்லியிருந்தால் மற்றப் பிள்ளையை வடிவாப் பழக்கியிருப்பன்."

"இல்லை ரீச்சர், எனக்கு..."

"சரி, போ. காலைப் பாத்துக்கொள்."

கடைசி வளைவில் நான் வெட்டிக்கொண்டு ஓடிய இரண்டு பேரில் ஒருத்தி எனக்குப் பதிலாகப் போனாள். வென்றாள். கொழும்புக்கும் போய்வந்தாள். காலைக் கூட்டத்தில் அவளை மேடையில் ஏற்றியபோது நாங்கள் எல்லோரும் கை தட்டினோம். நானும் தட்டினேன். கட்டுப் போட்ட காலோடு வரிசையில் நிற்கக் கூடாது என்று எனக்கு மட்டும் ஒரு கதிரை போட்டிருந்தார்கள்.

அந்த மாதங்களை நினைத்தால்தான் இன்றைக்கும் நெஞ்சு எரிகிறது. கொழும்பு போனால் போகட்டும். என் கால் கெட்டுப்போனது என்று நான் உண்மையாகவே நம்பினேன். வாய்க்காலைத் தாண்டாமல் சுற்றிப் போனேன். பஸ் வந்தால் ஓடாமல் விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸுக்கு நின்றேன். படுக்கும்போது முழங்காலுக்குக் கீழே தலையணை வைத்தேன். மழை இருட்டினால் கால் குத்துகிற மாதிரியே இருக்கும். கோயிலில் மற்றப் பிள்ளைகள் அடிப்பிரதட்டை செய்ய, நான் தூணோடு சாய்ந்துகொண்டு அம்மனிடம் நரம்பைச் சரியாக்கித் தரச் சொல்லிக் கேட்டேன். பக்கத்தில் நின்ற சின்னம்மாவும் கண்ணை மூடிக் கும்பிட்டார். அவர் என்ன கேட்டார் என்பது எனக்குத் தெரியாது.

நீலத் துணியும் போய்விட்டது. ஒருநாள் பள்ளிக்கூடத்தால் வந்தபோது தையல் மெசினுக்கு ஒரு புது உறை போட்டிருந்தது. தையல் பிரித்த என் டிவைடட் ஸ்கேர்ட். உள்பக்கத்துப் பொக்கற் இருந்த இடத்தில் சதுரமாக நிறம் மங்காமல் இருந்தது. "நல்ல துணி மேனை, வீணாக் கிடக்குது" என்றார் சின்னம்மா. நான் தலையாட்டினேன்.

ஆவணியில் கலியாணம். கலியாணத்துக்கு முன்னர் பலகாரச் சூடு வைத்தோம். வீட்டுக் கோடிப்புறத்தில் அடுப்பு மூட்டி, பெரிய தாச்சிகளில் எண்ணெய் கொதிக்க, அயலட்டைப் பெண்கள் எல்லோரும் வட்டமாக இருந்து அரியதரமும் முறுக்கும் சுட்டார்கள். ஒரே புகையும் சிரிப்பும். சின்னம்மா கலியாணப் பெண்ணென்று ஒதுங்கியிருக்காமல் மாக் குழைத்துக்கொண்டிருந்தார். அவருடைய முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் கண்டதில்லை. எனக்கும் சந்தோசமாகத்தான் இருந்தது. என்னை ஒரு மணையில் இருத்தி, பயத்தம் உருண்டை பிடிக்கும் வேலை தந்திருந்தார்கள். கால் நோகாத வேலை.

பக்கத்து வீட்டு அக்காவின் மகள், அப்போதுதான் நடை பழகியவள், ஒரு கோழிக்குஞ்சைக் கலைத்துக்கொண்டு தோட்டப் பக்கம் போய்விட்டாள். யாரும் கவனிக்கவில்லை. நான் நிமிர்ந்தபோது மிளகாய்ப் பாத்திகளுக்கு அங்கால் அவளுடைய மொட்டைத் தலை தெரிந்தது. அதற்கும் அங்கால் கிணறு. எங்கள் தோட்டக் கிணற்றின் கட்டு அவளுடைய இடுப்பு உயரம்கூட இல்லை.

எழும்பியது எனக்கு ஞாபகமில்லை. மணை உருண்டது, யாரோ "ஐயோ" என்றார்கள். வரம்பு வாய்க்கால் எதையும் பார்க்கவில்லை. மிளகாய்க் கன்றுகளை மிதித்துக்கொண்டு போனேன். கோழிக்குஞ்சு கிணற்றுக் கட்டில் பாய்ந்து ஏறியது. பிள்ளை இரண்டு கையையும் கட்டின்மேல் ஊன்றி எட்டிப் பார்க்க, அரைஞாண் கயிற்றில் பிடித்து இழுத்தேன். இரண்டு பேரும் பின்பக்கமாக விழுந்தோம்.

பெண்கள் எல்லோரும் ஓடி வந்தார்கள். தாய் பிள்ளையைப் பறித்துக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். அம்மா நெஞ்சில் கை வைத்தபடி, "நல்ல வேளை நீ ஓடினாய், நல்ல வேளை ஓடினாய்" என்றார். ஐயா தோட்டத்தின் மறுபக்கத்தால் வந்து, "கெட்டிக்காரி" என்று தலையைத் தடவினார். ஒருவர் என் கன்னத்தைக் கிள்ளினார். இன்னொருவர் பாவாடையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டார்.

நான் நிலத்தில் இருந்தபடியே காத்திருந்தேன். யாராவது கேட்பார்கள் என்று. ஐயோ, உன் கால் என்ன மாதிரி என்று. ஒரு வருடம் ஓடக் கூடாது என்று பரியாரியார் சொன்ன கால். வாய்க்காலைத் தாண்டவிடாத கால். அம்மா கேட்கவில்லை. ஐயா கேட்கவில்லை. அவர்களுடைய கண் என் முழங்கால் பக்கம் போகவே இல்லை. அயலட்டைப் பெண்களுக்குப் பின்னால், மாக் கையோடு சின்னம்மா நின்றார். அவர் மட்டும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் அவரைப் பார்த்ததும் திரும்பித் தாச்சியடிக்குப் போய்விட்டார்.

எழும்பினேன். கால் நோகவில்லை. எந்த இடத்திலும் நோகவில்லை.

மத்தியானம் எல்லோரும் சாப்பிட்டுச் சாய்ந்திருந்த நேரம், சின்னம்மா அறைக்குள் கலியாணச் சேலைகளை மடித்துக்கொண்டிருந்தார். போய்க் கதவடியில் நின்றேன்.

"சின்னம்மா, என்ரை காலுக்கு என்ன?"

"என்ன மேனை?"

"நான் ஓடினனான். ஒருத்தரும் என்ரை காலைப் பாக்கேல்லை."

அவர் மடித்த சேலையைப் பிரித்துத் திரும்பவும் மடித்தார்.

"உன்ரை காலுக்கு ஒண்டும் இல்லை."

"அப்ப பரியாரியார்?"

"ஐயா சொல்லித்தான் அவர் அப்பிடிச் சொன்னது."

"ஐயாவுக்கு ஆர் சொன்னது?"

"நான்தான்."

வெளியே யாரோ சிரிக்கிற சத்தம் கேட்டது. சின்னம்மா வந்து என் தோளைப் பிடித்தார். கையில் மாவும் எள்ளும் மணத்தன.

"உனக்கு இன்னும் எத்தினை ஓட்டம் கிடக்கு. எனக்கு வந்தது இது ஒண்டுதான். உனக்கு விளங்காது. ஒருநாளைக்கு விளங்கும்."

எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. அதுதான் பிரச்சினை. தரகர், மெசின் நின்றது, ஒத்தடம், ஐஸ்பழம் எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக வந்து நின்றன.

"நீங்கள் என்னட்டைச் சொல்லியிருந்தால் நானே ஓடாமல் விட்டிருப்பன் சின்னம்மா."

அவர் என் தோளில் இருந்து கையை எடுத்தார். பிறகு அவசரமாகச் சொன்னார்: "வாற வருசம் நீ ஓடு. நானே வந்து ரீச்சரிட்டைக் கதைக்கிறன். நான்தான் செய்தனான் எண்டு சொல்லுறன். சத்தியம்."

கலியாணம் நடந்தது. மோட்டர்க் கார் நிறையப் பூக் கட்டி அளவெட்டிக்குப் போனார் சின்னம்மா. வாற வருடமும் வந்தது. அதற்கிடையில் நான் பெரியபிள்ளையாகிவிட்டேன். இனிமேல் ஓட்டமாவது ஆட்டமாவது என்றார் அம்மா. ஐயாவிடம் கெஞ்சி, அளவெட்டிக்குச் சொல்லி அனுப்பினேன், சின்னம்மாவை ஒருக்கால் வரச் சொல்லி. அளவெட்டி என்ன தூரமா? நடந்தே போகலாம். அவர் வரவில்லை. "அக்கா சொல்லுறதைக் கேட்டு நடக்கச் சொல்லுங்கோ" என்று ஐயாவிடம் சொல்லிவிட்டார். ரீச்சரும் அந்த வருடம் மாற்றலாகிப் போனார். நான் பயத்தில் நோவை மறைத்த பிள்ளை என்ற நினைப்போடுதான் அவர் போயிருப்பார்.

அன்றிலிருந்து எனக்கு எங்கே நோகிறது என்று நான் யாருக்கும் சொல்வதில்லை. முறிந்த கையோடு சமைத்திருக்கிறேன். மகள் பிறக்கும்போது, சத்தம் போடாத தாயை இப்போதுதான் காண்கிறேன் என்று தாதி ஆச்சரியப்பட்டார். அவர் அதைப் பொறுமை என்று எடுத்துக்கொண்டார். என் கணவர் இருபது வருடம் என்னோடு இருந்து, கடைசிக் காலத்தில், "உனக்கு என்ன செய்யுது எண்டு ஒருநாளும் நீ எனக்குச் சொன்னதில்லை" என்று குறைப்பட்டுக்கொண்டுதான் போனார்.

ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். சின்னம்மாவை நான் அரைகுறையாக மன்னித்துத்தான் வைத்திருந்தேன். பெண்ணுக்குக் கலியாணம் என்பது அந்தக் காலத்தில் எப்படிப்பட்ட விஷயம் என்று நமக்குத் தெரியும்தானே. மாப்பிள்ளையின் தாய் வேண்டாம் என்றிருந்தால் அவர் வாழ்க்கை முழுவதும் அந்த மெசினுக்கு முன்னாலேயே முடிந்திருக்கும். என் ஓட்டத்தைக் கொடுத்து அவருக்கு ஒரு வீடு கிடைத்தது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அப்படிச் சொல்லிச் சொல்லியே நல்லநாள் பெருநாளுக்கு அவர் வீட்டுக்குப் போய் வந்தேன்.

பிறகு நாட்டில் நடந்தது உங்களுக்குத் தெரியும். எல்லோரும் ஊரை விட்டு ஓடி, வருடங்கள் கழித்துத் திரும்பி வந்தோம். எங்கள் வீட்டில் சுவர் மட்டும் நின்றது. தையல் மெசினும் இல்லை, அதன் நீல உறையும் இல்லை. சின்னம்மாவும் சித்தப்பாவும் அளவெட்டி வீட்டைத் திருத்திக்கொண்டு வந்து இருந்தார்கள். ஒரு பின்னேரம் மகளையும் கூட்டிக்கொண்டு பார்க்கப் போனேன். பக்கத்து வளவில் யாரோ நாதஸ்வரத்தில் ஒரே வரியைத் திரும்பத் திரும்ப ஊதிப் பழகிக்கொண்டிருந்தார்கள். சித்தப்பா விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் இருந்தார். மகள் முற்றத்தில் நாய்க்குட்டியோடு ஓடி விளையாடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் திடீரென்று சிரித்தார்.

"தாயைப் போலைதான். பிள்ளை, உமக்குத் தெரியுமோ, உங்கடை சின்னம்மாவைக் கலியாணம் முடிக்க முந்தியே நான் உம்மைக் கண்டனான்."

"எங்கை சித்தப்பா?"

"உங்கடை பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியிலை. தரகர் உங்கடை வீட்டைப் பற்றிச் சொன்னவர், எப்பிடிப்பட்ட ஆக்கள் எண்டு சும்மா பாப்பம் எண்டு வந்தனான். நீர் கடைசி வளைவிலை ரெண்டு பேரை வெட்டிக்கொண்டு வந்தீர். இவ குடையோடை நிண்டு கத்தின கத்தல்! வீட்டை போய் அம்மாவுக்குச் சொன்னன், அந்த வீட்டுப் பெண்டுகள் நல்ல உரமான ஆக்கள் எண்டு. அம்மா அதுவரைக்கும் சாதகம் சாதகம் எண்டு இழுத்துக்கொண்டிருந்தவ. அதுக்குப் பிறகுதான் ஓமெண்டவ. அந்த ஓடுற பிள்ளையைக் கலியாணத்திலை எனக்குக் காட்டு எண்டும் சொன்னவ."

சின்னம்மா தேத்தண்ணித் தட்டத்தோடு வாசலில் நின்றார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியவில்லை. பனங்கட்டித் துண்டு ஒன்று தட்டத்தில் உருண்டது.

"பிறகு ஏன் பிள்ளை ஓடாமல் விட்டனீர்? நான் அடிக்கடி நினைக்கிறனான்."

நான் சின்னம்மாவைப் பார்த்தேன். உண்மையைச் சொல்வதற்கு அவருக்கு எல்லா வசதியும் இருந்தது. மாமியார் செத்துப்போய்க் கனகாலம். கேட்பவர் அவருடைய சொந்தப் புருசன். கலைந்துபோக ஒரு கலியாணமும் இல்லை. அந்த அறைக்குள் செய்த சத்தியத்தை அந்த விறாந்தையில் இரண்டு சொல்லில் முடித்திருக்கலாம். நான் காத்திருந்தேன்.

சின்னம்மா வந்து தேத்தண்ணியை என் கையில் தந்தார்.

"அவளுக்கு அப்ப காலிலை நோ வந்திட்டுதெல்லே" என்றார். "நரம்பு பிசகி. பாவம், நிக்கவே ஏலாமல் அழுதவள்."

சித்தப்பா "ஐயையோ" என்றார்.

"இல்லைச் சித்தப்பா" என்றேன் நான். "என்ரை காலுக்கு ஒருநாளும் ஒண்டும் வரேல்லை."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். பக்கத்து வளவில் நாதஸ்வரம் அந்த வரியை மறுபடி தொடங்கியது.

"தேத்தண்ணி ஆறப்போகுது மேனை" என்றார் சின்னம்மா, என் முகத்தைப் பார்க்காமல். "குடி."

கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, முற்றத்தில் நின்ற மகளை வீட்டை போவம் வா என்று கூப்பிட்டேன்.